விறகாகாத மரம்

கேள்வி: பிள்ளைகளுக்குப் பாறை, கனிமம் பற்றிச் சொல்லித்தர விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஏற்ற இடம் எது?

பதில்: திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற இந்த ஊரில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பராமரிக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. 1781-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனரா இங்குள்ள கல்மரங்களைக் குறித்துவைத்தார். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலில் புதைந்தன. காற்றுப் படாததால் அவை எளிதில் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து படியப் படிய, கணுவும் வளையமும் மாறாமல் மரம் கல்லாயிற்று. அடுப்பில் வைத்தால் அடுப்புதான் தோற்கும்!

மரங்களை மூடியிருந்த மணல், மணற்பாறையானது. அது படிவுப்பாறை. செஞ்சிக் கோட்டை நிற்கும் குன்றுகளோ, உருகிய குழம்பு ஆழத்தில் மெல்ல இறுகிய கிரானைட், அதாவது தீப்பாறை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பாடநூல் படத்தைவிட அது ஆழமாகப் பதியும்.

வயலோரம் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் சிலிக்காதான். அது கண்ணாடியைக் கீறும், இரும்பு ஆணியோ அதைக் கீறாது. கனிமத்தின் கடினத்தன்மையை இப்படிச் சோதிக்கலாம். பூங்காக் கல்லில் மட்டும் கைவைக்கக் கூடாது.