முள்ளின் சத்தியம்

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தைப் பெருமூச்சுடன் கடக்கும் வயோதிக மொறிஸ் மைனரின் பெற்றோல் முள், தாங்கி நிரம்பினும் வறளினும் ஒரே ஸ்தானத்தில் நிஷ்டை கூடியிருக்கக் கண்டு, பரீட்சையேதுமின்றிப் புது மானி வாங்க விரையும் உத்தமர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பீடி புகைக்கும் ஆலோசகர்களைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, தாங்கியின் மிதவையிலிருந்து வரும் வயரைக் கழற்றி, சுவிச்சைப் போட்டு, அவ்வயரைக் காரின் உடலில் தொட்டுப் பாருங்கள். முள் அசைந்தால் மானி நிரபராதி. குற்றவாளி மிதவையாகவோ, வாவிக்கரை உப்புக்காற்றில் துருவேறிய எர்த் இணைப்பாகவோ இருக்கலாம். 2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டால் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அரசாங்கமே அளந்து வார்த்த நாட்களில், காலியென்றே சாதித்த முட்கள் யாவும் சத்தியசந்தர்களாகிவிட்டன என்பது வேறு விஷயம். இப்போதோ, கராஜுக்காரர் விலை சொல்லுமுன், அந்த எர்த் இணைப்பை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.