ஆளுக்கொரு பட்டம்

மனுஷன் ஒரு மெஷினைக் கண்டுபிடிப்பான். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் அதில் ரெக்கார்டு வைக்கக் கிளம்பிவிடுவான். ஹெலிகாப்டரின் சரித்திரம் மொத்தமும் இந்த அவசரம்தான்.

1924, பிரான்ஸ். எட்டியென் ஓமிஷென் என்ற எஞ்சினீயர் தன் கையால் கட்டிய ஹெலிகாப்டரில் ஏப்ரல் 14 அன்று 360 மீட்டர் பறந்தார். உலக சாதனை! போட்டியாளர் பெஸ்கரா, அர்ஜென்டினாக்காரர், சும்மா இருப்பாரா? நாலே நாளில் 736 மீட்டர். ஓமிஷென் பல்லைக் கடித்துக்கொண்டு மே 4 அன்று ஒரு கிலோமீட்டர் வட்டமடித்தார். ஆன நேரம் 7 நிமிடம் 40 விநாடி. பரிசு 90,000 பிராங்க். கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 8 கிலோமீட்டர்கூட வராது. வாக்கிங் போன யாராவது கொஞ்சம் எட்டி நடந்திருந்தால் ஓவர்டேக் செய்திருக்கலாம். ஆனால் காசு கிடைத்திருக்காது.

அடுத்தது அமெரிக்காவில் இகோர் சிகோர்ஸ்கி. ஹெலிகாப்டருக்கே பிதாமகர். 1939-ல் தன் மெஷினில் ஏறியபோது தலையில் தொப்பி, உடம்பில் கோட்டு, ஏதோ கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற தோரணை. மெஷினை மாற்றி மாற்றிக் கட்டினார். ஒரு கட்டத்தில் அது மேலே போனது, பக்கவாட்டில் போனது, பின்னாலும் ஜோராகப் போனது. முன்னால் மட்டும் போகவில்லை!

இதையெல்லாம் சரிசெய்து முடித்ததும் மனுஷனுக்கு வந்த அடுத்த ஆசை, இதில் உலகத்தையே சுற்றினால் என்ன?

ஆசைப்பட்டவர் டிக் ஸ்மித். ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரானிக்ஸ் கடை போட்டுக் கோடீஸ்வரரானவர். 1978-ல் அண்டார்டிகாவிலிருந்து பனிப்பாறையை இழுத்துவருகிறேன் என்றார். சொன்னபடி சிட்னி துறைமுகத்துக்குள் வெள்ளை வெளேரென்று ஒன்று மிதந்து வந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் மழை பெய்தது. பார்த்தால் பனிப்பாறை முழுக்க ஷேவிங் க்ரீமும் தீயணைப்பு நுரையும்! தேதி ஏப்ரல் 1. இந்த ஆசாமி தனியாக ஹெலிகாப்டரில் உலகைச் சுற்றப்போகிறேன் என்றால் எவன் நம்புவான்?

ஒருவர் நம்பினார். டெக்சாஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோவின் மகன், ஜூனியர், வயது 23. ஓர் ஆஸ்திரேலியன் முந்திக்கொள்வதா என்று தம்பிக்கு ரோஷம். அப்பாவோ, ஈரான் சிறையில் தன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மாட்டியபோது மீட்பதற்குச் சொந்தமாக ஒரு படையையே அனுப்பியவர். பையன் ஹெலிகாப்டர் கேட்டால், ‘முதல்ல ஒழுங்கா ஒரு வேலைக்குப் போ’ என்கிற ரகமா அவர்?

டிக் 1982 ஆகஸ்ட் 5 அன்று புறப்பட்டது டெக்சாஸிலிருந்தேதான். எதிராளியின் கொல்லைப்புறம்! ஜூனியர் செப்டம்பர் 1 அன்று கிளம்பினார். பக்கத்து சீட்டில் வியட்நாம் போரில் பறந்த ஜே கோபர்ன். பின்னாலேயே உதிரிபாகங்களைச் சுமந்துகொண்டு ஒரு ஹெர்குலிஸ் சரக்கு விமானம். நம்ம ஊர் அம்மாக்கள் ஸ்கூலுக்கு டிபன் கேரியர் எடுத்துப்போவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

சோவியத் யூனியன் ‘எங்கள் மண்ணில் கால் வைக்காதே’ என்றது. பசிபிக்கின் நடுவே பெட்ரோல் பங்க் ஏது? ஒரு கண்டெய்னர் கப்பலை வழியில் நிறுத்தி, ஆடுகிற தளத்தில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தார்கள். 29 நாள், 3 மணி நேரத்தில் சுற்றி முடித்தாயிற்று. ஹெலிகாப்டரில் உலகைச் சுற்றிய முதல் ஆட்கள்! டிக்? அவர் நிறுத்தி நிதானமாகப் பாதி வழியில் இருந்தார்.

தோற்றுவிட்டார் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அவரும் ஒரு கப்பலில் இறங்கி ஏறி, 1983 ஜூலை 22 அன்று சுற்றை முடித்தார். பட்டம்: ‘தனியாக’ உலகைச் சுற்றிய முதல் ஹெலிகாப்டர் விமானி. கிட்டத்தட்ட ஒரு வருஷம் பிந்தி வந்தும் முதலிடம்!

ரெக்கார்டு உலகின் ரகசியம் இதுதான். நம் சினிமாவில் ஒரு பட்டம் போனால் இன்னொன்றை ஒட்டிக்கொள்வது மாதிரி, இங்கேயும் சரியான அடைமொழி கிடைத்தால் எல்லோரும் நம்பர் ஒன். 1994-ல் ரான் போவர் தனியாக 24 நாளில் சுற்றினார், ‘வேகமாக’ என்று ஒன்று சேர்ந்தது. 1996-ல் ஜான் வில்லியம்ஸோடு மேற்குத் திசையில் 17 நாளில் சுற்றி இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்.

எனக்குப் பிடித்தவர் பிரிட்டனின் ஜெனிஃபர் மரே. ஒரு ஹெலிகாப்டரில் பங்கு வாங்கியவர் அவருடைய கணவர். ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு நேரமில்லை. காசு வீணாகலாமா? மனைவி 54 வயதில் கற்றுக்கொண்டார். 1997-ல் துணை விமானியோடு உலகைச் சுற்றினார். போதவில்லை. 2000-ல், 60 வயதில், தன்னந்தனியாக 99 நாளில் இன்னொரு சுற்று. இரண்டிலும் ‘முதல் பெண்’.

கணவருக்கும் ஒரு பட்டம் பாக்கியிருக்கிறது: ஹெலிகாப்டர் வாங்கி, அதை ஓட்டாமலே உலக சாதனைக்குக் காரணமான முதல் ஆள். மனிதர் மனுப் போட்டால் போதும், போட்டிக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.