ஊசியெடுத்த பேராண்டிக்கு

வாடா பேராண்டி. பாலக்கரையில கடை புடிச்சிட்டியாமே, டாட்டூ, பியர்சிங்னு போர்டும் எழுதியாச்சாமே! ஒப்பன் செராமிக் பேட்டையில காலமெல்லாம் களிமண்ணு பிசைஞ்சான். நீ மனுசத் தோலுக்கே வந்துட்ட. வளர்ச்சின்னா இதான்.

ஆனா நீயே கண்டுபுடிச்ச மாரி மீசைய முறுக்காத. ஒங்காயா கையப் போய்ப் பாரு, கொமரியில குத்துன தேளு இன்னமும் கெடக்குது. பச்சை குத்துற குறத்தி வருவா. மஞ்சத்தூளயும் அகத்தித் தழையயும் அரைச்சுத் துணியில தடவித் திரியா உருட்டி, வெளக்கெண்ணெயில எரிப்பா. மேல புதுச் சட்டியக் கவுத்தா மசி படியும். அதச் சொரண்டித் தாய்ப்பால்ல கொழைச்சு, தையல் ஊசி மூணு நாலச் சேத்துக் கட்டிக் குத்துவா. புள்ளைவ அழாம இருக்கப் பாட்டும் அவளே பாடுவா. மாசி மகக் கூட்டத்துல ஒரே ஊசி ஊருக்கெல்லாம் போவும், அதையும் சொல்லணுமில்ல. ஒன் மிசினு மட்டும் என்னவாம்? காயிதத்துல ஓட்டை போட்டு நகலெடுக்க எடிசன் செஞ்ச மின்சாரப் பேனா. அதத் திருத்தி 1891ல நியூயார்க்குல ஓரைலிங்கறவன் பேட்டண்ட் வாங்கிட்டானாம். ஒந்தங்கச்சி போனுல படிச்சுச் சொன்னா.

பொழப்புக்கு வழி சொல்றன். காதலி பேரக் கேட்டு வர்றவன விட்டுடாத. கொட்டை எழுத்தாக் குத்து. ஆறு மாசத்துல அவனே வருவான். அது மேல கழுகு குத்தி மறைக்க ரெண்டு பங்கு கூலி வாங்கிக்க. பள்ளிக்கூடப் பயலுவளத் தொடாத, அவனுவ அம்மாக்காரி வெளக்குமாத்தோட வருவா. பட்டாளத்துக்கு ஆளெடுக்க ஓடுறவன் வந்தா எடம் பாத்துக் குத்து. முன்னங்கை உள்பக்கமும் பொறங்கையுந்தான் அங்க ஒத்துக்குவாங்க. நெஞ்சுல சிங்கத்தக் குத்திவிட்டியானா, எல்லைக்குப் போவ வேண்டிய சிங்கம் முந்திரிக் காட்டுலதான் மேயும்.

சீக்கிரமாப் பேரெடுக்கணுமா? திருச்சியில ஒருத்தன் எடுத்தான். 2024 டிசம்பர்ல, டாட்டூ கடையில நாக்க ரெண்டாப் பொளந்து வுட்டு, வீடியோ புடிச்சு இன்ஸ்டாகிராம்ல போட்டான். வெளம்பரம் நல்லா வேலை செஞ்சுது, போலீசே தேடி வந்துது. அவனயும் கூட இருந்தவனயும் அள்ளிக்கிட்டுப் போச்சு. மாநகராட்சிக்காரங்க கடைக்குச் சீல் வச்சாங்க. நம்ம ஊரு நகராட்சிதான், இருந்தாலும் சீல் அரக்கு இங்கயும் இருக்கும்.

போர்டுக்குப் போட்ட காசுல பாதிய ஆட்டோகிளேவுக்குப் போட்டியா? முழிக்காத. 121 டிகிரி நீராவியில கருவியெல்லாம் 15 நிமிசம் அவியணும். 1200 டிகிரி சூளையப் பாத்தவன் புள்ள, இதுக்குக் கரண்டு கணக்குப் பாப்பியா? ஊசி ஆளுக்கு ஒண்ணு, மைக் கிண்ணமும் ஆளுக்கு ஒண்ணு. ஊசிய மாத்திட்டு மைய மாத்தாதவனுக்குப் பாதி அறிவுதான். கல்லீரலத் திங்கிற மஞ்சக்காமாலை, பி-யும் சி-யும், ரத்தத்துல ஏறுற வழி அது. குத்திக்கிட்டவன் 12 மாசம் ரத்ததானம் பண்ணக் கூடாதுன்னு வச்சிருக்கறதே அதுக்குத்தான். காது குத்துற துப்பாக்கி வாங்கியிருந்தா ஒளிச்சு வையி. அந்தப் பிளாஸ்டிக்கு ஆவியில நிக்காது. அதால மேல்காதுக் குருத்தெலும்புல அடிச்சுச் சீழ் வச்சா, காது மொடங்கிப் போவும்.

மொதல்ல பூசணிக்காயில பழகு, செயற்கைத் தோல்ல பழகு. பேட்டையில கோணிப்போன பொம்மைய மூலையில எறிஞ்சிடலாம். கோணிப்போன மயில எங்கடா எறிவ? அது டவுன் பஸ்ல ஒனக்கு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டு வரும்.

சரி, கடையத் தெற, நல்லா இரு. அடுத்த மாசம் ஒங்கக்கா புள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் நீ, மடியில வச்சுப் புடிச்சுக்க, அது போதும். ஊசிக்குப் பத்தருகிட்ட வெத்தலை பாக்கு வச்சாச்சு.