இருநூறு ஓகே
ஆங் மோ கியோ கோப்பிக் கடையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு: அமேசான் எஸ்3 கிடங்கில் ஒரே கட்டளையில் 1,000 கோப்புகள்வரை அழிக்கச் சொல்லலாம். '200 ஓகே' என்று பதில் வந்ததும் கோப்பி ஓ-வைக் குடித்துவிட்டு எழுந்துவிடாதே. மனுவைப் பார்த்தாயிற்று என்பதே அதன் பொருள். அனுமதியில்லாமல் அழியாது நின்றவை பதிலுக்குள்ளே தனிப் பட்டியலாகக் கிடக்கும். இல்லவே இல்லாத கோப்பைச் சொல்லிப்பார், அதையும் அழித்ததாகவே கணக்குக் காட்டும். வெட்டாத கிணற்றுக்கு ரசீது எழுதுவது நமக்குப் புதிதா என்ன? 'அமைதி' முறையில் தவறுகளை மட்டுமே சொல்லும் (வீட்டிலும் சிலர் அப்படித்தான்). பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் கிடங்கென்றால் இன்னும் அழகு: அழிக்கச் சொன்ன கோப்பு, வீசச் சொன்ன சோபா மாதிரி வீட்டிலேயே இருக்கும், மேலே 'வீசியாச்சு' என்று ஒரு சீட்டு. வாடகை மட்டும் மாதாமாதம் ஓடும்.