எடை போடுகிறவர்

தோட்ட டிராக்டர் ஒன்றைக் கராஜில் வைத்திருக்கும் பஃபலோ நகரப் புறநகர்வாசி, அக்டோபர் மாதம் பிறந்த க்ஷணத்திலிருந்து, உலகத்திலுள்ள சகல வஸ்துக்களையும் அவற்றின் பயனைக் கொண்டோ அழகைக் கொண்டோ மதிப்பதை நிறுத்திவிட்டு, எடையைக் கொண்டு மட்டுமே மதிக்கத் தொடங்கிவிடுகிறார். குசலம் விசாரிக்கும் பாவனையில் அண்டை வீட்டுக் கராஜுக்குள் நுழைந்து, பேச்சுக்கு நடுவே அங்கே கிடக்கும் பழைய பாட்டரியையோ சிமெண்டுக் கட்டியையோ செருப்புக் காலால் மெல்ல நகர்த்திப் பார்ப்பார். அது நகர மறுத்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். சற்றே பருமனான விருந்தாளி வந்தால், அவரை டிராக்டரின் பின்பக்கத்தில் ஏற்றி நிறுத்தினால் என்ன என்ற யோசனை அவருடைய கண்களில் ஓடுவது தெளிவாகவே தெரியும். நான் மெலிந்த தேகி. ஆகையால் என்மீது அவருக்கு ஒருநாளும் மரியாதை ஏற்பட்டதில்லை.

அவருடைய விசாரத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. குளிர்காலத்தில் வாசலில் விழும் பனியைத் தள்ளும் வேலையும் அந்த டிராக்டருக்குத்தான். கோடையில் புல் வெட்டுவதற்கென்று பிறந்த அந்த யந்திரத்தின் டயர்கள், புல்தரையைக் கீறிவிடலாகாது என்ற ஜீவகாருண்யத்தோடு செய்யப்பட்டவை. அவற்றின் ஆழமற்ற பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டால் பிடிப்பு என்பது அறவே இராது. போதாக்குறைக்கு, இரண்டு பின்சக்கரங்களில் வழுக்குகிற சக்கரம் வெறிகொண்டு சுழல, பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நிற்கும்படி அமைந்தது டிஃபரன்ஷியல்; ஆர்ப்பாட்டம் செய்கிறவன் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, வேலை செய்யக்கூடியவன் சும்மா உட்கார்ந்திருக்கும் சர்க்கார் ஆபீஸ் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். இந்த லக்ஷணத்தில் முன்பக்கம் 48 அங்குல பிளேடு வேறு.

ஆகவே அவர் பாரம் ஏற்றுகிறார். முதல் வருஷம் சக்கரங்களில் வார்ப்பிரும்புத் தட்டுகளை முடுக்கினார். அடுத்த வருஷம் டயருக்குள் முக்கால் பங்கு திரவம் நிரப்ப வேண்டும் என்ற ஞானோதயம் உண்டாகி, எந்தத் திரவம் என்பதில் ஒரு மாதம் கழிந்தது. கால்சியம் குளோரைடுக் கரைசல் காலன் ஒன்றுக்கு ஏறக்குறைய 11 பவுண்டு நிற்கும், ஆனால் சக்கரத்தின் இரும்பைத் தின்றுவிடும். சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பீட் கிழங்குச் சாறும் கிட்டத்தட்ட அதே கனம், துருப்பிடிக்கச் செய்யாது, ஆனால் விலை அதிகம். இவ்விரண்டின் தாரதம்மியத்தைப் பற்றி வேலியோரத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டிராதவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அதற்கும் அடுத்த வருஷம் பின் அச்சுக்கு அப்பால் ஒரு பெட்டி கட்டி அதில் மணல் மூட்டைகளை அடுக்கினார். பின்சக்கரங்கள் பிடித்துக்கொண்டன என்பது வாஸ்தவம். ஆனால் அந்தப் பாரம் நெம்புகோலாக வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டபடியால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் டிராக்டர் நேராகவே போய்த் தபால் பெட்டியைச் சாய்த்தது. பரிகாரம் என்ன செய்தார் என்கிறீர்கள்? முன்பக்கத்திலும் எடை ஏற்றினார்.

சங்கிலி மாட்டினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? பேஷாகத் தெரியும். ஆனால் சங்கிலி மாட்டுவதில் தத்துவ விசாரத்துக்கு இடமில்லை. வெறும் தேகப் பிரயாசைதான் உண்டு. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சங்கிலியை மேலே போர்த்தி, கராஜின் சில்லிட்ட சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, மரத்துப்போன விரல்களால் உட்பக்கத்துக் கொக்கியைத் துழாவிக் கடைசிக் கண்ணியில் மாட்டிவிட்டு வெளிப்பக்கம் வந்து பார்த்தால், அங்கே ஒரு கண்ணி எட்டாமல் நிற்கும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, விரல் கணுக்களில் தோல் உரிய மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் முடிந்து காற்றடித்து இறுக்கிய பிறகு, சென்ற கோடையில் போட்ட தார்த்தரையில் சங்கிலி கோடு கிழிக்குமே என்ற கவலை வந்து, பாதி நாட்களில் அதைக் கழற்றியும் வைத்துவிடுவார்.

2022 நவம்பரில் ஈரி ஏரியைக் கடந்து வந்த குளிர்காற்று பக்கத்து ஆர்ச்சர்ட் பார்க்கில் சுமார் 80 அங்குலப் பனியைக் கொட்டியபோது, பெரிய லோடர்களும் லாரிகளுமே திணறிக்கொண்டிருந்தன. பனிக்குள் மறைந்துபோன தம் டிராக்டர் நின்ற திசையைப் பார்த்து, “இன்னும் ஐம்பது பவுண்டு மட்டும் இருந்திருந்தால்…” என்று அவர் பெருமூச்செறிந்ததை நான் காதாரக் கேட்டேன். இவரைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை. நாலு அங்குலப் பனி பெய்த காலை நேரங்களில், தம் வாசலைத் தொடுவதற்கு முன்னால், எதிர்வீட்டு மூதாட்டியின் வாசலை விடிவதற்குள் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல் திரும்பி வருகிறவரை என்னவென்று வைவது?

இருந்தாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்தப் பெட்டியிலுள்ள மணல் மூட்டைகளில் இரண்டு என்னுடையவை. என் வாசற்படியில் உறையும் பனிக்கட்டியின்மேல் தூவுவதற்காக நான் காசு கொடுத்து வாங்கியவற்றை நவம்பரில் இரவலென்று சொல்லி எடுத்துப் போனார், இப்போது பிப்ரவரி. தபால்காரர் நேற்றுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தப்பினார். இதைப் படிக்கிற அன்பர்களில் அவருக்குப் பழக்கமானவர் யாரேனும் இருந்தால், டிராக்டரைப் பற்றிய பேச்சையே எடுக்காமல், மூட்டைகளை மட்டும் ஞாபகப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.