எத்தனை வட்டிக்குல வாங்கின?

வா பேராண்டி, உக்காரு. கோயில் கொடைக்கு வந்தவன் சாமி கும்பிட்டியோ இல்லியோ, வந்ததும் வராததுமா புது போனை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டுதியே! அறுபதாயிரமாமே? ஏது துட்டு?

"நோ காஸ்ட் இஎம்ஐ தாத்தா. மாசம் பத்தாயிரம், ஆறு மாசம். வட்டியே கெடையாது."

எனக்கு வெத்தலை புரையேறிட்டு. ஏல, வட்டி இல்லாம கடன் கொடுக்க அவன் என்ன உன் தாய்மாமனா? தாய்மாமனே கொடுக்க மாட்டானே!

சைபர் வட்டிங்கற சங்கதியே கெடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிட்டு. நடக்கது இதுதான். பேங்குக்காரன் வட்டி போடத்தான் செய்யுதான். பதினாறு சதவீதம்னு வச்சுக்கோ, ஆறு மாசத்துக்கு ரெண்டாயிரத்து எழுநூறு ரூவா வரும். அந்த அளவுக்கு விலையில தள்ளுபடின்னு எழுதி சரிக்கட்டிருதான். உன் கண்ணுக்கு வட்டி தெரியாது. ஆனா கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது உன் தலையில. பிராசசிங் பீஸு வேற. ரெண்டையும் கூட்டுனா எழுநூறு ரூவா கிட்ட வருது. சரி, கைத்துட்டு கொடுத்தா எவ்வளவு கொறைப்பீங்கன்னு கடையில ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கௌரவம்!

நம்ம கூட்டுறவுச் சங்கத்துல பயிர்க்கடனைக் கெடுவுக்குள்ள கட்டுனா வட்டி இல்லதான். ஆனா அந்த வட்டியக் கவர்மெண்டு கட்டுது. யாரோ ஒருத்தன் கட்டியாகணும்லா? ஒருத்தனும் கட்டாத வட்டியை நான் எழுபத்தஞ்சு வயசுக்கு இன்னும் பாக்கல.

அது போகட்டும். பர்சுல நாலு கார்டு வச்சிருக்கியே, அதுக்கு எத்தனை வட்டி?

முழிக்கான் பாரு. எம்பிஏ படிச்சவன்!

நம்ம ஊர்ல வட்டிய எப்படிச் சொல்லுவோம்? நூறு ரூவாய்க்கு மாசம் ஒரு ரூவான்னா ஒரு வட்டி. ரெண்டு ரூவான்னா ரெண்டு வட்டி. ஆடு மேய்க்கவனுக்கும் வெளங்கும். உன் கார்டு பில்லுல பொடி எழுத்துல மாசம் 3.5 சதவீதம்னு போட்டிருப்பான். அப்படின்னா? மூணரை வட்டி! வருசத்துக்கு 42 ரூவா. மூணரை வட்டிக்கு வாங்கியிருக்கான்னு ஊருக்குள்ள தெரிஞ்சா உனக்குப் பொண்ணு கொடுக்க யோசிப்பான். அதையே தங்கக் கலர் அட்டையில அச்சடிச்சு நீட்டுனா, வரப்போற மாமனாருகிட்ட பெருமையாக் காட்டுத.

'மினிமம் டியூ கட்டிருவேன் தாத்தா'ங்குத. கட்டு, கட்டு. அம்பதாயிரம் பாக்கின்னு வை. அஞ்சு சதவீதம்னா ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டுத. மூணரை வட்டி ஆயிரத்து எழுநூத்தம்பது. அதுக்கு ஜிஎஸ்டி முந்நூத்திப் பதினஞ்சு. மிச்சம் எவ்வளவு? நானூத்தி முப்பத்தஞ்சு. அம்புட்டுத்தான் அசல்ல கழியும். ஓட்டை வாளியில தண்ணி எறைக்க கதை. அதுலயும், முழுசாக் கட்டாம விட்டேன்னா, அடுத்து வாங்குத காப்பிப்பொடிக்கும் அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிரும். கெடு நாளெல்லாம் முழுசாக் கட்டுதவனுக்குத்தான்.

ஊர்ல கந்துவட்டி வாங்குதவனுக்கு 2003ல நம்ம கவர்மெண்டு சட்டம் போட்டுது. பொறவு அவன் போலீஸைக் கண்டா முடுக்குக்குள்ள நுழைஞ்சிருவான். கார்டுக்காரன் ஏன் நுழையணும்? முப்பது சதவீதத்துக்கு மேல, அதாவது ரெண்டரை வட்டிக்கு மேல வாங்குதது நியாயமில்லன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல சொல்லிச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணிட்டு. அது ரிசர்வ் வங்கி பாக்க வேண்டிய வேலையாம். சரி, பெரிய இடத்துச் சமாச்சாரம்.

ஆனா ஒண்ணு. 2025ல ரிசர்வ் வங்கியோட ரெப்போ வட்டி கொறைஞ்சிட்டு, கொறைஞ்சிட்டுன்னு டிவியில கோட்டு போட்டவன் குதிச்சான்லா? பிப்ரவரிக்கு முன்னால ஆறரை, டிசம்பர்ல அஞ்சேகால். உன் கார்டு மூணரை வட்டி அசைஞ்சுதா? போய்ப் பாரு. மழை பேஞ்சது மலையில, உன் கெணத்துல இல்ல.

உன் சித்தப்பன் மவன் பைக்கு வாங்குன கதை இன்னும் ரசம். லட்ச ரூவா, ரெண்டு வருசம், 'பிளாட் 12 சதவீதம்'. ஒரு வட்டிதானேன்னு துள்ளுதான். ஏல, பத்து மரக்கா நெல்லு வாங்கி, அஞ்சைத் திருப்பிக் கொடுத்த பொறவும் பத்துக்கே வட்டி கேட்டா ஒத்துக்கிடுவியா? களத்துலயே அடிதடி நடந்திருக்கும். அங்கன அதுக்குப் பேரு பிளாட். கணக்குப் பாத்தா வருசத்துக்கு இருபத்தொண்ணரைக்கு மேல வருது. ரெண்டு வட்டிக்குக் கொஞ்சம் கொறவு. இங்கிலீசுல சொன்னா மட்டும் பல்லைக் காட்டிக் கையெழுத்து போட்டுட்டு வாரீங்க.

நான் மட்டும் யோக்கியனான்னு கேக்காத. ஒரு காலத்துல மூணு வட்டிக்கு வாங்கிக் கெணத்துக்கு மோட்டார் போட்டவன்தான். மோட்டார் தேஞ்சு பழைய இரும்புக்குப் போச்சு, வட்டி தேயல. கடைசியில உங்க ஆச்சி பாம்படத்தைக் கழட்டி, பேங்குல ஒரு வட்டிக்குள்ள அடகு வச்சு அந்தக் கடனை அடைச்சா. அஞ்சாப்புகூடத் தாண்டாதவ. காது வெறுமையா ரெண்டு வருசம் இருந்தா. அதான் இன்னிக்கும் எவன் கடன்னாலும் 'எத்தனை வட்டி?'ன்னு முதல்ல கேக்கா. நீ போன் வாங்குனதுக்கும் அதைத்தான் கேட்டா, நீதான் சிரிச்சே.

ஊருக்குப் போனதும் அந்த நாலு கார்டு பில்லையும் எடுத்து வை. அடுத்த தடவை வரும்போது கொண்டா, திண்ணையில உக்காந்து வாசிப்போம். பொடி எழுத்து எனக்குத் தெரியல. எனக்கொரு கண்ணாடியும் வாங்கிட்டு வா. ரொக்கத்துக்கு.