சிவப்பு மை இருக்கிறதா?

மும்பை திலக் நகரில் ஒரு பிள்ளை எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றால் அக்கம்பக்கத்தார் மார்க்கைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதழியல் என்றால் ஒருவரும் நகர மாட்டார்கள். தினமும் பேப்பர் படிப்பதால் இந்தத் துறையில் எல்லோரும் நிபுணர்கள். செம்பூர் மாமா, “சேவியர்ல கிடைக்கறதான்னு பாரு” என்பார். தாராவி அண்ணாச்சி, “டிவில மொகம் தெரியுற மாதிரி ஒரு காலேஜாப் பாத்துச் சேரு தம்பி” என்பார். இடங்களுக்குப் பஞ்சமில்லை. செம்பூரிலேயே விவேகானந்த் இருக்கிறது. குர்லாவில் வண்டி மாறினால் சயனில் எஸ்.ஐ.இ.எஸ்., அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் மாட்டுங்கா ரூயா. மாறச் சோம்பலாக இருந்தால் ஹார்பர் லைனில் கடைசிவரை போய் சேவியர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கம்யூனிகேஷன்ஸைப் பார்க்கலாம். அது 1969-லிருந்து இருக்கிறது. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்தான் வேண்டுமென்றால், லோகமான்ய திலக் டெர்மினஸ் கூப்பிடு தூரம்தான். இத்தனையிலும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மாணவன் எழுதிக் கொடுத்ததை அடித்துத் திருத்தி, “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுத் திருப்பித் தருகிற ஆள் அங்கே இருக்கிறாரா?

வேடிக்கை என்னவென்றால், இப்படிச் சந்தேகப்பட இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பழைய மாடா (வீட்டுவசதி வாரிய) கட்டடங்களை இடித்து டவர் கட்டும் ஊர் இது. பில்டர் காட்டும் வண்ணப் புத்தகத்தில் நீச்சல் குளம் இருந்தால், “அக்ரிமென்ட்ல இருக்கா? கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?” என்று சொசைட்டி மீட்டிங்கில் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் கிழிப்பார்கள். அதே பெற்றோர், கல்லூரிக்காரர் ஒரு ஸ்டூடியோவைத் திறந்து காட்டினால் வாயடைத்துப்போகிறார்கள். அந்த ஸ்டூடியோவும் சாம்பிள் ஃபிளாட்தான். சோபாவைப் பார்க்கலாம், உட்காரக் கூடாது. மூன்று வருடத்தில் மாணவன் அந்தக் கேமராவை எத்தனை மணி நேரம் தொடுவான் என்று கேட்பதுதான் இங்கே கார்ப்பெட் ஏரியா.

அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908 செப்டம்பரில் இதழியல் பள்ளியைத் திறந்தபோது, வகுப்பு தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். ஊர்க்காரர்கள் படிக்கிற நிஜப் பத்திரிகை. பெயர் தப்பாக வந்தால் பெயருக்கு உரியவரே சண்டைக்கு வருவார். அதைவிட நல்ல பேராசிரியர் கிடைப்பது கடினம். அதே ஆண்டு ஜூலையில், கேசரி பத்திரிகையில் வந்த கட்டுரைகளுக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றம் திலகருக்குத் தண்டனை விதித்தது. அங்கே இதழியலுக்குப் பட்டம் தர ஏற்பாடு நடந்த வருடம், இங்கே இதழியலுக்கு ஆறு வருடம் கொடுத்தார்கள்.

“அந்தத் திலகர் எந்த இதழியல் கல்லூரியில் படித்தார்?” என்று மாமா மடக்குவார். நியாயமான கேள்விதான். அவர் டெக்கான் கல்லூரியில் கணிதமும், பிறகு சட்டமும் படித்தவர். ஆகவே பி.ஏ.வில் பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு, இதழியலைப் பிறகு படிப்பது நல்ல யோசனை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் திலகர் வாழ்க்கையிலேயே மாமாவுக்குப் பதிலும் இருக்கிறது. கோலாப்பூர் திவானைப் பற்றிக் கிடைத்த கடிதங்களை நம்பி, கேசரியின் ஆசிரியர் அகர்கரும் மராட்டாவின் ஆசிரியர் திலகரும் எழுதினார்கள். கடிதங்கள் போலி. 1882-இல் இருவருக்கும் நான்கு மாதச் சிறை. பாடம் நடந்த இடம் டோங்ரி ஜெயில். ஆவணத்தைச் சரிபார்க்கும் பாடத்தை அவ்வளவு தூரம் போய்ப் படிப்பதைவிட ஒரு வகுப்பறையில் படிப்பது மலிவு. முன்பு செய்தி ஆசிரியர் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பார் என்பார்கள். இப்போது அவருக்கே உட்கார நேரமில்லை.

“வேலைக்கு என்ன உத்தரவாதம்?” என்பது அண்ணாச்சியின் கேள்வி. அதைச் சிரித்துத் தள்ள முடியாது, வாடகை கட்ட வேண்டுமே. ஆனால் கல்லூரி வாங்கித் தருவது முதல் வேலை மட்டும்தான். இரண்டாவது வேலைக்குப் போகும்போது, “என்ன எழுதியிருக்கிறாய், காட்டு” என்பார்கள். அதோடு கட்டணத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பெரிய கடனோடு வேலையில் சேரும் நிருபர், அமைச்சரிடம் கேள்வி கேட்க வாயைத் திறக்கும்போது மாதத் தவணை ஞாபகம் வந்து மூடிக்கொள்வார். ஆகவே அட்மிஷனுக்குப் போகிறவர்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒன்றைக் கேட்கட்டும்: போன வாரம் மாணவர்கள் எழுதிய நாலு தாளைக் காட்டுங்கள். தாளெல்லாம் சிவப்பு மையாக இருந்தால் பணத்தைக் கட்டலாம். “அதெல்லாம் எதுக்கு சார், ஏ.சி. வகுப்பறையைப் பாருங்க” என்று பதில் வந்தால், ஏ.சி.யில் ஐந்து நிமிடம் நின்று வியர்வையை ஆற்றிக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் புறப்படலாம்.